சில்லில் எழுதிய எழுத்து

ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதினவன் தான் எழுதியதைத் துடைத்தழிக்க இயலாது. பிழை நேர்ந்தவிடத்து அவ்வெழுத்தை அடித்துவிட்டு அயலில் திருத்தம் கீறுவான். அன்றேல் ஓலையையே மாற்றுவான். செப்பேடு வெட்டியவனுக்கும் கல்வெட்டுப் பொறித்தவனுக்கும் நிலை இதுவே. திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் விரலால் எழுதிய எழுத்தோ, அடுத்த எழுத்து எழுதப்படுமுன்னரே அழிந்துபோகும். எழுத்தின் வரலாற்றில் இவ்விருவகையும் என்றும் உடனிருந்து வந்துள்ளன. சப்பிரகமுவைத் தோட்டங்களிற் கொழுந்து நிறுக்கும்போது கூறப்படும் எடை ஒரு நாளைக்கு உரியது. செக்ரோலில் ஏறிய பெயரும் நாளும் மாத முடிவிலே சம்பளமாக மாறுவன. முன்னது அழியலாம், பின்னது அழிதல் கூடாது. கணினி என்னும் பொறியை ஆக்கியோரும் இதே வேறுபாட்டை எதிர்கொண்டனர். மின்னோட்டம் நின்றதும் மறந்துபோகும் நினைவகம் ஒன்று, மின்னோட்டம் நின்றபின்னரும் மறவாத நினைவகம் ஒன்று என இரண்டு அவர்களுக்கு வேண்டியிருந்தன. இரண்டாம் வகையைச் சிறுகணினியொன்றின் விசைப்பலகையிலிருந்து எழுதக் கற்றுக்கொண்ட வரலாறு ஈண்டு ஆராயப்படுகின்றது.

மறதி என்னும் இக்குறை கணினியின் பிறப்போடு தோன்றியதன்று. 1950களிலும் 1960களிலும் கணினிகளின் நினைவு காந்தக் கருக்களில் இருந்தது. கடுகளவான இரும்பொட்சைட்டு வளையங்களை மெல்லிய கம்பிகளிற் கோத்து வலையாகப் பின்னுவர். ஒவ்வொரு வளையமும் வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ காந்தமேறி, ஒன்று அல்லது பூச்சியம் என்னும் ஒரு பிட்டைக் காத்து நிற்கும். மின்னோட்டம் நின்றாலும் காந்தம் நீங்காது. மறுநாட் காலை பொறியை இயக்கினால் முதல்நாள் எழுதியது அங்கேயே இருக்கும். மும்பையில் தாத்தா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஆக்கிய டிஃப்ராக் என்னும் கணினியின் நினைவகம் இவ்வகையினதே. சென்னையிற் பிறந்த ர. நரசிம்மன் தலைமையிலான குழுவினர் 1956 ஆம் ஆண்டில் அதன் முன்மாதிரியையும், 1960 ஆம் ஆண்டில் முழுப்பொறியையும் இயக்கினர். நாற்பது பிட் கொண்ட சொற்கள் 2048 அதன் நினைவில் அடங்கின. அஃதாவது எண்பத்தோராயிரத்துத் தொளாயிரத்திருபது வளையங்கள். அதற்குப் பெயர் சூட்டியவர் சவகர்லால் நேரு, ஆண்டு 1962.

அறை நிறைந்த பொறிகளிலிருந்து அலுமாரியளவான பொறிகளுக்கு உலகம் இறங்கி வந்தது 1965 ஆம் ஆண்டில் எனலாம். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து மேனாட் என்னும் ஊரிலே, பழைய கம்பளி ஆலையொன்றில் 1957 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவனம், பி.டி.பி. 8 என்னும் சிறுகணினியை அவ்வாண்டு வெளியிட்டது. விலை பதினெண்ணாயிரம் டொலர். பெருங்கணினிகள் இலட்சக்கணக்கான டொலருக்கு விலைபோன காலத்தில் இது பெரும்புரட்சியாயிற்று. பன்னிரண்டு பிட் கொண்ட சொற்கள் 4096 அதன் காந்தக் கருவலையில் இருந்தன. எனினும் அப்பொறியோடு பேசுதல் எளிதன்று. முன்முகப்பிற் பன்னிரண்டு ஆளிகள் வரிசையாக நின்றன. ஒரு சொல்லை நினைவில் இடுதற்குப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி, ‘இடு’ என்னும் பொருளுடைய ஆளியை அழுத்துதல் வேண்டும். தாளிழையைப் படித்து மற்றைய நிரலை உள்ளே கொணரும் தொடக்க நிரல் பதினாறு பதினேழு சொற்களே கொண்டது. ஆயினும் இடையிலே ஓர் ஆளி பிழைத்தால் முழுவதும் பாழ். பழகியவர்கள் அதனை மனப்பாடமாக, விரலே அறிந்த செய்யுள்போலத் தள்ளுவர். காந்தக் கரு மறவாததாகலின் இவ்வேலை நாள்தோறும் வேண்டப்படவில்லை. நிரலொன்று பிழைத்துத் தொடக்க நிரலின்மேல் எழுதிவிட்டாலன்றி மறுபடி தள்ளுதற்குத் தேவையில்லை.

இதே பன்னிரு பிட் அளவிலே இந்தியாவிலும் ஒரு சிறுகணினி எழுந்தது. துரொம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஆக்கப்பட்ட டி.டி.சி. 12 என்னும் பொறியை 1969 ஆம் ஆண்டு சனவரி 21 ஆந் திகதி விக்கிரம் சாராபாய் இயக்கி வைத்தார். ஐதராபாத்தில் 1967 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய இலத்திரனியற் கூட்டுத்தாபனம் இப்பொறியை விற்பனைக்குச் செய்தது. பின்னர் 1974 இல் டி.டி.சி. 312 ஐயும், 1975 இற் பதினாறு பிட் கொண்ட டி.டி.சி. 316 ஐயும் வெளியிட்டது. 1971 முதல் 1978 வரை அக்கூட்டுத்தாபனம் விற்ற கணினிகள் 98. பெரும்பாலும் அரசினர் ஆய்வுகூடங்களும் பல்கலைக்கழகங்களுமே அவற்றை வாங்கின. எண்ணிக்கை சிறிதுதான். ஆயினும் பிறநாட்டிலிருந்து பெட்டியில் வந்திறங்கிய பொறியைத் திறவாமலே பயன்படுத்திய தலைமுறைக்கும், தம் கையாலேயே ஒவ்வொரு சொல்லையும் உள்ளே இட்ட தலைமுறைக்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையில் அடங்காது.

1970 ஆம் ஆண்டில் நிலைமை மாறிற்று. இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்னும் சிலிக்கன் நினைவுச் சில்லு, கம்பியிற் கோத்த வளையங்களைச் சில ஆண்டுகளிற் சந்தையிலிருந்து விரட்டியது. விலை குறைவு, வேகம் மிகுதி; ஆனால் ஒரு குறை. அச்சில்லில் எழுத்தென்பது நுண்ணிய கொள்ளளவிகளிற் தேங்கிய மின்னேற்றம். அது கசிந்துகொண்டேயிருக்கும், ஆகையால் மீண்டும் மீண்டும் புதுப்பித்தல் வேண்டும், மின்னோட்டம் நின்றதும் அனைத்தும் மறையும். காலையில் இயக்கிய கணினி தான் யார், என்ன செய்யவேண்டும் என்பதையே அறியாத குழந்தையாய் விழிக்கும். அதன் காதில் முதற் சொல்லை ஓதுதற்கு, அழியாத எழுத்தொன்று உள்ளேயே இருத்தல் இன்றியமையாததாயிற்று.

அழியா எழுத்தின் முதல் முயற்சி போர்க்கருவியொன்றினின்று பிறந்தது. சீனாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய வென் சிங் சௌ என்பார், நியூயோர்க் மாநிலத்து ஆர்மா நிறுவனத்தில், அற்லஸ் ஏவுகணையின் வழிகாட்டுங் கணினிக்காக 1956 ஆம் ஆண்டில் ஒரு முறையைக் கண்டார். இருவாயிகள் நிரையாக இணைக்கப்பட்ட வலையில் வேண்டாதவற்றை மிகுந்த மின்னோட்டத்தாற் சுட்டழித்துவிட்டால் எஞ்சியிருப்பதே எழுத்தாகும். நினைவகத்தை ‘எரித்தல்’ என்று இன்றும் கூறுவது அக்காலத்து வழக்கின் எச்சமே. டிஜிற்றல் நிறுவனம் தனது பி.டி.பி. 11 கணினிக்கு அமைத்த தொடக்க நினைவுப் பலகை இதனினும் எளியது: முப்பத்திரண்டு சொற்களுக்கு உரிய இருவாயிகள் பலகையில் நிரையாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன, வேண்டாதவற்றை வெட்டுகத்தியாற் கத்தரித்துவிடுவதே நிரலெழுதும் முறை. 1970களின் தொடக்கத்தில் நிக்கல்–குரோமியக் கலவையாலான நுண்ணிய உருகிகள் கொண்ட சில்லுகள் வந்தன. உருகியை எரித்தால் ஒரு மதிப்பு, விட்டால் மற்றொன்று. ஓலைபோன்றே இதிலும் பிழை திருத்தமுடியாது. இதில் ஒரு விந்தையும் உண்டு. எரித்த உருகிகளுட் சில காலஞ்செல்ல மீண்டும் தாமாகவே வளர்ந்து இணைந்துகொண்டன. வெட்டியழித்த எழுத்து மறுபடி முளைத்தது போலாயிற்று. பொறியியலாளர்க்கு இது பெருந்தலைவலி தந்ததாயினும், அழித்ததாக எண்ணியது அழியவில்லை என்பது வரலாறு படிப்போர்க்குப் புதிதன்று.

எழுதவும் வேண்டும், அழியாதிருக்கவும் வேண்டும், வேண்டும்போது அழிக்கவும் வேண்டும் என்னும் முரண்பட்ட மூன்றையும் ஒருங்கு நிறைவேற்றியவர் டொவ் ஃபுரோமன். இவர் 1939 ஆம் ஆண்டு ஆம்ஸ்ரர்டாம் நகரில், போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோர்க்குப் பிறந்தார். நாசிகளின் பிடி இறுகிய காலத்திற் பெற்றோர் இவரை மறைவியக்கத்தாரிடம் ஒப்படைத்தனர். ஒல்லாந்துக் கிராமத்து உழவர் குடும்பமொன்று இவரை மறைத்து வளர்த்தது, பெற்றோர் திரும்பவில்லை. போர் முடிந்தபின் இசுரேல் சென்று பொறியியல் பயின்று, கலிபோர்னியாவிற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1969 ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கே 1101 என்னும் நினைவுச் சில்லிலே தோன்றிய ஒரு கோளாற்றை ஆராயும் பணி இவருக்குத் தரப்பட்டது. வேண்டாத இடத்தில் மின்னேற்றம் தங்கிவிடுவதை ஆராய்ந்தபொழுது, தங்குவதையே பயனாக்கினால் என்ன என்னும் எண்ணம் தோன்றிற்று. கோளாறு கருவியாயிற்று.

அவ்வமைப்பின் நுட்பம் கூறத்தக்கது. திரான்சிஸ்டரின் வாயில் என்னும் பகுதியை எக்கம்பியோடும் இணையாது, கண்ணாடியை ஒத்த சிலிக்கனீரொட்சைட்டுக்குள் முற்றாகப் புதைத்துவிட்டார். உயர்ந்த மின்னழுத்தம் கொடுக்குங்கால் இலத்திரன்கள் ஆற்றல் மிகுந்து அக்கண்ணாடிச் சுவரைத் தாண்டி உள்ளே விழுகின்றன. மின்னழுத்தம் நீங்கியபின் அவை வெளியேற வழியின்மையாற் பல்லாண்டு அங்கேயே தங்கும். அவற்றை விடுவிப்பதற்கு ஊதாகடந்த ஒளியே வேண்டும். அவ்வொளியினின்று ஆற்றலேற்ற இலத்திரன் சுவரேறிக் குதித்து வெளியேறும். ஆகவே சில்லின் தலையில் படிகக்கல்லாலான சிறு சாளரம் அமைக்கப்பட்டது. கறுத்த உடலும் நடுவே ஒளிரும் கண்ணுமாய் அது விளங்கிற்று. 1971 ஆம் ஆண்டு 1702 என்னும் பெயருடன் வெளிவந்த அச்சில்லில் 256 பைட் அடங்கின. நுண்செயலி வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. இன்டெல் தலைவர்களுள் ஒருவரான கோடன் மூர், நுண்கணினித் தொழிலின் வளர்ச்சிக்கு நுண்செயலியைப் போன்றே இச்சில்லும் முதன்மையானதென மதித்தார். 1980களின் நடுப்பகுதிவரை அந்நிறுவனத்துக்கு மிகுந்த ஆதாயமீட்டித் தந்தது இதுவே.

இத்தகைய வெற்றியின் உச்சியில் ஃபுரோமன் செய்தது வியப்புக்குரியது. நிறுவனத்தை விட்டு நீங்கி, மேற்காபிரிக்காவின் கானா நாட்டிலுள்ள குமாசி நகர்ப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்பிக்கச் சென்றார். பின்னர் இன்டெல்லுக்கு மீண்டு, 1974 ஆம் ஆண்டில் ஹைபா நகரில் அந்நிறுவனத்தின் வடிவமைப்பு நிலையத்தைத் தொடங்கினார். செல்வம் பெருக்குங் காலத்திற் செல்வம் குறைந்த நாட்டுக்குக் கற்பிக்கச் சென்றவர் கணினி வரலாற்றில் மிகச் சிலரே; அவருடைய கண்டுபிடிப்பைப் பாராட்டும் நூல்கள் இதனை ஒரு வரியிற் கடந்துவிடுதல் நேர்மையன்று.

சில்லு பிறந்தது, அதில் எழுதுவதெங்ஙனம்? ஈண்டுதான் விசைப்பலகை வரலாற்றுட் புகுகின்றது. 1975 ஆம் ஆண்டில் டிஜிற்றல் நிறுவனம் வெளியிட்ட எல்.எஸ்.ஐ. 11 என்னும் சிறுகணினியின் முகப்பிலே நிரைநிரையான ஆளிகளும் விளக்குகளும் இல்லை. அவற்றின் வேலையைச் செயலியின் உள்ளேயே பொறித்த சிறு நிரலொன்று ஏற்றுக்கொண்டது. தொலையச்சுப்பொறியின் விசைப்பலகையில் 1000 என்று முகவரியைத் தட்டிச் சாய்கோட்டை அழுத்தினால், அவ்வறையிலுள்ள சொல்லை ஆறிலக்க எண்மமாகப் பொறி அச்சிட்டுக் காட்டும். புதியதை எழுதவேண்டின் 012700 என்றாற்போலத் தட்டி, வரியிறக்க விசையை அழுத்துதல் போதும். எழுதியது உள்ளே சென்றுவிடும். அடுத்த அறையாகிய 1002 தானே திறக்கும். (பைட் ஒன்றுக்கு ஒரு முகவரியாகலின், இரண்டு பைட் கொண்ட சொல்லுக்கு முகவரி இரண்டிரண்டாக ஏறும்.) முடிந்தபின் 1000 என்பதோடு ‘ஜி’ என்னும் எழுத்தைத் தட்டினால் நிரல் ஓடத் தொடங்கும். பி.டி.பி. 11 வரிசையின் பெரிய பொறிகளுக்கும் இதனையொத்த தொடக்கப் பலகை பின்னர் வந்தது. அதில் ‘எல்’ என்பது முகவரி குறித்தற்கும், ‘ஈ’ என்பது பார்த்தற்கும், ‘டி’ என்பது இடுதற்கும், ‘எஸ்’ என்பது தொடங்குதற்கும் ஆணைகள். நான்கே எழுத்துகள், எனினும் பொறியின் நினைவு முழுவதையும் அவற்றால் ஆளலாயிற்று. நிரலெழுதுதல் ஆளி தள்ளும் கைத்தொழிலிலிருந்து எழுத்தாளும் தொழிலுக்கு ஏறியது இப்படியிலேதான்.

ஆயினும் ‘டி’ என்று தட்டியவுடன் அழியாச் சில்லில் எழுத்து ஏறிவிடாது. அவ்வாணை அழியும் நினைவகத்தையே தொடவல்லது. அழியாச் சில்லுக்கு உயர்ந்த மின்னழுத்தமும், அளந்த நேரமும் வேண்டும். ஆகவே எழுதவேண்டியதை முதலில் அழியும் நினைவகத்தில் இட்டு, ‘ஈ’ கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தி, பின்னர் எரிகருவிக்கு அனுப்புவதே முறை. மணலில் எழுதிப் பழகியபின் ஓலையில் எழுதிய மாணாக்கனின் முறையும் இதுவே. இன்டெல் நிறுவனம் 1973 ஆம் ஆண்டில் வெளியிட்ட இன்டலெக் 8 என்னும் நிரலாக்கப் பொறியின் முகப்பிலேயே சில்லைப் பொருத்தும் குழி அமைந்திருந்தது. அதிலே ‘பி’ என்னும் ஆணை நினைவிலுள்ளதைச் சில்லில் எழுதும். ‘டி’ என்று தமிழிலே ஒலிக்கும் மற்றோர் எழுத்தாணை சில்லிலுள்ளதை நினைவுக்குக் கொணரும். ‘சி’ என்னும் ஆணை இரண்டையும் ஒப்பிட்டு வேறுபட்டவற்றைக் கூறும். எழுதுதல், ஓதுதல், ஒப்புநோக்குதல் ஆகிய மூன்றும் ஏடு பெயர்த்தெழுதியோர் செய்தனவே.

செய்தி தாளிழையிற் சென்ற காலத்தில் அதனை எழுதிய வடிவமும் சுவையானது. ஒரு பைட்டின் எட்டுப் பிட்டுகளையும் எட்டு எழுத்துகளாகவே எழுதினர்: ஒன்றுக்குப் ‘பி’, பூச்சியத்துக்கு ‘என்’. முன்னே தொடக்கங் காட்ட ஓர் எழுத்து, பின்னே முடிவு காட்ட ஓர் எழுத்து. ஆகவே ஒரு பைட்டுக்குப் பத்து எழுத்துகள். 1702 சில்லின் 256 பைட்டுக்கு 2560 எழுத்துகள். தொலையச்சுப்பொறி ஒரு விநாடியிற் பத்து எழுத்துகளே படிக்குமாதலால், ஒரு சில்லின் இழை உள்ளே செல்ல நான்கு நிமிடத்துக்கு மேலாயிற்று. இவ்வளவு விரிவான வடிவத்தை ஏன் தேர்ந்தனர் எனின், மனிதக் கண் நேரே படித்துப் பிழை காணக்கூடிய வடிவம் இதுவாகலின். பின்னர் வந்த பதினறும எண் வடிவம் சுருக்கமானது. அதில் ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் சரிபார்ப்பு எண் ஒன்று நின்றது. அவ்வரியிலுள்ள எல்லாப் பைட்டுகளையும் அவ்வெண்ணையும் கூட்டி 256 ஆல் வகுத்தால் மீதி பூச்சியமாதல் வேண்டும். கண்ணின் வேலையைக் கணக்கு ஏற்றது. அதனாற் கண்ணுக்கு எழுத்து எட்டாதாயிற்று. இரண்டில் எது நன்றெனின், பொறியாளர் பின்னதையே தேர்ந்தனர். கற்பிப்போர் முன்னதையே விரும்புவர்.

எழுதுதலுக்குரிய பொறுமை 1975 ஆம் ஆண்டில் வந்த 2708 என்னும் சில்லிலே நன்கு புலனாகும். 1024 பைட் கொண்ட அச்சில்லில் 26 வோல்ற் துடிப்பு ஒவ்வோர் அறைக்கும் மொத்தம் நூறு மில்லிவிநாடி கிடைக்கவேண்டும். ஆனால் ஓரறையில் நின்று நூறையும் ஒருங்கே கொடுத்தல் ஆகாது. ஒரு துடிப்பு ஒரு மில்லிவிநாடிக்கு மேற்படாமல், முதலறை தொடங்கிக் கடையறைவரை சென்று, மீண்டும் முதலறைக்கு வந்து, இவ்வாறு குறைந்தது நூறு முறை வலம்வருதல் வேண்டும். துடிப்பு மில்லிவிநாடியிற் பத்திலொன்றாயின் ஆயிரம் வலம். எவ்வழியிலும் மொத்தம் ஏறக்குறைய நூற்றிரண்டு விநாடி. 1977 இல் வந்த 2716 சில்லில் இவ்வலம் ஒழிந்தது. 25 வோல்ற்றில் அறைக்கு ஐம்பது மில்லிவிநாடி ஒரே தடவை போதும். அறைகள் இருமடங்காகி நேரம் பாதியானமையின் முழுச்சில்லுக்கும் மீண்டும் அதே நூற்றிரண்டு விநாடி. எழுதியபின் பிழை கண்டாலோ, ஊதாகடந்த விளக்கின்கீழ்ப் பதினைந்து இருபது நிமிடம் சில்லைக் கிடத்தி முழுவதையும் அழித்து மறுபடி எழுதவேண்டும். ஓர் எழுத்தை மாத்திரம் அழித்தல் இயலாது. பூச்சியமாக்கிய பிட்டை மீண்டும் ஒன்றாக்க ஒளியாலன்றி வழியில்லை. ஒன்றைப் பூச்சியமாக்க மாத்திரம் அழிக்காமலே முடியும். இந்நுட்பமறிந்தோர், பழைய நிரலின் சொற்களை முற்றும் பூச்சியமாக்கி, வெறுமையாய் விட்ட ஈற்றறைகளில் திருத்தத்தை எழுதி இடர்தீர்த்தனர். ஓலையில் அடித்துவிட்டு அயலிற் கீறிய பண்டையோர் வழி முற்றும் ஒழியவில்லை.

இச்சில்லின் உடல் சிலிக்கன். தூய்மையாக்கிய சிலிக்கனைப் படிகக்கல் மூசையில் இட்டு, அம்மூசையைக் காரீயக் கலத்தில் வைத்து, 1414 பாகை செல்சியசுக்கு மேற் சூடாக்கி உருக்கிப் பளிங்குத் தண்டாக இழுப்பர். தீயைத் தாங்கும் கலமாகக் காரீயம் பயன்படுவதைக் கேகாலை மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. ருவான்வெல்லைப் பகுதியின் அயலிலுள்ள போகலைச் சுரங்கத்துக் காரீயம் மூசைத் தொழிலாற் பெயர்பெற்றது. சிலிக்கன் உலைக்கு வேண்டப்படும் காரீயம் ஆலையிற் செயற்கையாய் ஆக்கப்படுவது என்பது வேறு.

பொருளினும் உழைத்த கைகளையே வரலாறு எளிதில் மறக்கின்றது. காந்தக் கருக்களைக் கம்பியிற் கோத்தோர் பெரும்பாலும் பெண்கள். சந்திரனுக்குச் சென்ற அப்பொலோ விண்கலத்துக் கணினியின் அழியா நினைவு, கம்பியை வளையத்தினூடாகவோ புறத்தேயோ செலுத்தி மசச்சூசெற்ஸ் ஆலையொன்றிற் பெண்கள் கையால் நெய்ததே. ஃபெயர்சைல்ட் நிறுவனம் 1965 ஆம் ஆண்டில் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் சிப்ரொக் என்னுமிடத்தில், நவகோ இந்தியப் பழங்குடியினரின் நிலத்தில் சில்லுகளைத் தொகுக்கும் ஆலையொன்றை நிறுவிற்று. அதன் சிறப்பு மலரில் அப்பெண்கள் நெய்யும் கம்பளக் கோலமும் சில்லின் கோலமும் ஒப்பிட்டுக் காட்டப்பட்டன. பிறப்பிலேயே வாய்த்த விரல் நுட்பம் என்று புகழ்ந்தனர். கொழுந்தெடுக்கும் பெண்களின் விரலைக் குறித்தும் இவ்வாறே புகழுரை கூறப்படுவதைத் தோட்டப்புறத்தார் அறிவர். நுட்பம் பிறப்பில் வந்ததென்றாற் பயிற்சிக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. 1975 ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது.

எழுதும் உரிமை யாருடையது என்பதும் இதனோடு தொடர்ந்த வினாவே. ‘வாசிப்பு மட்டும் நினைவகம்’ என்னும் பெயர், வாசிப்பவன் எழுதலாகாது என்பதையும் உள்ளடக்கியது. இலங்கைத் தோட்டங்களில் 1921 ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறையில், தொழிலாளியின் கடனை அடைத்தால் அவனை விடுவிப்பதாகத் தோட்டத்தார் எழுதிக்கொடுத்த சிறு தாளே அவன் வேறு தோட்டம் செல்லும் வழியைத் தீர்மானித்தது. அத்தொகையை அவன் வாசிக்கவும் இயலவில்லை, திருத்தவும் இயலவில்லை. எரிகருவியும் விசைப்பலகையும் ஆய்வுகூட மேசைக்கு வந்த 1970களில், சில்லெழுதும் உரிமை ஆலையின் மதிலைத் தாண்டி மாணவர் கைக்கு வந்தது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

தமிழுக்கு அதனால் விளைந்த பயனை ஒரு கணக்கால் அறியலாம். திரையில் ஆங்கில எழுத்துகளைக் காட்டிய அக்காலத்துச் சில்லுகளில் 2513 என்பது புகழ்வாய்ந்தது. அகலத்தில் ஐந்து, உயரத்தில் ஏழு புள்ளிகளில் அறுபத்துநான்கு வடிவங்கள் அதில் ஆலையிலேயே பொறிக்கப்பட்டிருந்தன. ஐந்து புள்ளி அகலத்தில் ‘ண’ அடங்காது. ‘ணூ’ பற்றிப் பேசவே வேண்டா. பதினாறுக்கு இருபத்துநான்கு புள்ளிக் கட்டமொன்றைத் தமிழுக்குக் கொள்வோமாயின் ஓர் எழுத்துக்கு 48 பைட் வேண்டும். உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, அகரமேறிய மெய் பதினெட்டு, புள்ளி மெய் பதினெட்டு, இகர ஈகார உகர ஊகார வரிசைகள் எழுபத்திரண்டு, தனித்துநிற்கும் குறிகள் நான்கு என வடிவங்கள் நூற்றிருபத்தைந்து. ஔகாரக் குறியின் பிற்பகுதி ‘ள’ வாகலின் தனியே எண்ணவேண்டுவதில்லை. ஆகவே மொத்தம் 6000 பைட். 2716 சில்லுகள் மூன்றில் 6144 பைட் உள; தமிழ் நெடுங்கணக்கு மூன்று சில்லுகளில் அடங்கிவிடும். ஆனால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகிய ஏழுக்கும் பழைய வடிவங்களைத் தனியே வைத்திருப்பின் மேலும் 336 பைட் வேண்டும். நான்காவது சில்லின்றி முடியாது. பெரியார் முன்மொழிந்த வடிவங்களைத் தமிழ்நாட்டரசு 1978 ஆம் ஆண்டில் ஏற்றதைப் பற்றிய விவாதம் அழகையும் மரபையும் சுற்றியே நிகழ்ந்தது; சில்லின் அறைகளை எண்ணிப் பார்த்தோர் சிலரே. இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்றும் பெருமுயற்சி கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் 1980களில் நிகழ்ந்தது. அதன் பயனாய்ப் பிறந்த ஜிஸ்ட் என்னும் பலகையைப் பூனாவில் 1988 இல் தொடங்கிய சி-டாக் நிறுவனம் பரப்பிற்று. தமிழ் உள்ளிட்ட எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே குறியீட்டு அமைப்பு 1991 இல் இந்திய நியமமாயிற்று.

அழியா நினைவு என்பதும் முற்றும் அழியாததன்று. புதைந்த வாயிலினின்று இலத்திரன்கள் மிக மெல்லக் கசிகின்றன. ஒரு சிலவே கசிந்தாலும் ஐயத்துக்கிடமான பிட் தோன்றும். ஆக்கியோர் தந்த குறிப்பின்படி, திறந்த சாளரத்தின்மேல் நேர்வெயில் பட்டால் ஏறக்குறைய ஒரு கிழமையிலும், அறையின் குழல்விளக்கொளி இடையறாது பட்டால் ஏறக்குறைய மூன்றாண்டிலும் எழுத்து அழியக்கூடும். ஆதலாற் சாளரத்தின்மேல் ஒளிபுகாச் சிட்டையொன்றை ஒட்டி, அதில் நிரலின் பெயரையும் நாளையும் எழுதுவது வழக்கமாயிற்று. அச்சிட்டை உதிர்ந்த சில்லுகள் பல.

எஞ்சியிருக்கும் சிறுகணினிகளைப் பேணுவோர் இன்று செய்யும் வேலை, தொடக்கத்தில் எழுதினோர் செய்ததன் மறுதலை. பொறியை இயக்கி, ‘எல்’ என்று தட்டி முகவரி குறித்து, ‘ஈ’ என்று தட்டி ஒவ்வோர் அறையாகப் பார்த்து, அச்சிட்டு வந்த எண்மத்தை வேறொரு பொறியில் ஏற்றுகின்றனர். ஒரே சில்லை மூன்று நான்கு முறை படித்து ஒப்புநோக்குவர். ஒரு படிப்பில் ஒன்றாயும் மறு படிப்பிற் பூச்சியமாயும் தோன்றும் பிட் இருந்தால், அவ்வறையின் மின்னேற்றம் விளிம்பில் நிற்கின்றதெனக் கொண்டு, மின்னழுத்தத்தைச் சிறிது மாற்றி மறுபடி படிப்பர். பின்னர் வரிகளின் கூட்டுத்தொகை பூச்சியமாகின்றதா எனப் பார்த்து, ஆகியபின் புதிய சில்லொன்றில் எழுதிச் சாளரத்தில் மறுபடி சிட்டை ஒட்டுகின்றனர்.